என் கொழுந்தன் தூக்கி வைத்த வீடு

என் கொழுந்தனை எங்கள் தெருவில் டிரைவர் என்றால்தான் தெரியும். டவுன் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும், நடக்கும்போது வலது கால் பிரேக்கைத் தேடுகிற மாதிரி கொஞ்சம் தயங்கித்தான் தரையில் படும். என் வீட்டுக்காரரோடு கூடப் பிறந்த தம்பி. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு கேஸ் சிலிண்டர் தூக்கி வைப்பது, பல்பு மாட்டுவது எல்லாம் இவர்தான். மாட்டிவிட்டு உட்கார்ந்து என் டீயைக் குறை சொல்வார். முழுசாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொல்வார்.

அவரைப் பற்றிக் கேட்டால் தெருக்காரர்கள், "வீட்டை ஜாக்கி வச்சுத் தூக்கினாரே, அவர்தானே?" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எதற்காகத் தூக்கினார் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தபடிதான் சொல்வேன். நடுவில் யாரும் திருத்த வேண்டாம்.

எங்கள் தெரு பார்வைக்கு ஒரே மட்டமாகத் தெரியும். ஆனால் என் வாசலில் பிள்ளைகள் பந்தை விட்டார்களானால் அது எங்கேயும் நிற்காமல் உருண்டு, தெருக் கடைசியில் கால்வாய்க்கு முன்னால் இருக்கும் டிரைவர் வீட்டு வாசலில் போய்த்தான் நிற்கும். மழைத் தண்ணீரும் அதே வழியில்தான் போகும். கட்டிய காலத்தில் அது படி ஏறிப் போகிற வீடு. நகராட்சிக்காரர்கள் தார் போடும்போதெல்லாம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டார்கள். ரோடு வளர்ந்துகொண்டே போனது, வீடு அப்படியே நின்றது. கடைசியில் அது படி இறங்கிப் போகிற வீடாகிவிட்டது.

"நம்ம வீட்டுக்கு யார் வந்தாலும் குனிஞ்சு மரியாதையாத்தான் வரணும்" என்று டிரைவர் வேடிக்கை பேசுவார்.

அவர் மனைவிக்கு, அதாவது என் ஓரகத்திக்கு, அந்த வேடிக்கை பிடிக்காது. "ஒருநாள் கால்வாயும் வரும், அதுவும் மரியாதையாத்தான் வரும்" என்பாள்.

வந்தது. அந்தப் பெரிய வெள்ளத்தன்று அவள் வீட்டில் தனியாக இருந்தாள். ஒரே மகன், நகரத்தின் மேட்டுப் பக்கத்தில், அடுக்குமாடியில், மூன்றாவது மாடியில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான். டிரைவருக்கு அப்போது வேலை இருந்தது, பஸ்ஸோடு போயிருந்தார். காலையிலிருந்து கொட்டிய மழையில் மத்தியானம் கால்வாய் கரை மீறிவிட்டது. தண்ணீர் முதலில் வாசல் வழியாக வரவில்லையாம். குளியலறைத் துவாரத்திலிருந்து கொப்பளித்துக்கொண்டு வந்ததாம். துணியைச் சுருட்டி அடைத்திருக்கிறாள். அதற்குள் வாசல் பக்கமும் வந்துவிட்டது. கட்டிலில் ஏறினாள், கட்டில் மிதந்தது. பிறகு சமையல் மேடையில் ஏறி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். நான் மேட்டிலிருந்து தொண்டை கிழிய அவளைக் கூப்பிட்டேன். தெருவில் தண்ணீரின் இழுப்பு அப்படி; இறங்கினால் நானும் போயிருப்பேன். சாயங்காலம் எங்கள் தெரு மெக்கானிக்தான் காலிப் பீப்பாய்களைக் கயிற்றால் கட்டி, அதன்மேல் அவளை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து என் வாசலில் சேர்த்தார்.

டிரைவர் அந்த நேரத்தில் மேம்பாலத்தின் மேல் இருந்தார். பஸ் நிறைய ஆட்கள், பாலத்தின் இரண்டு முனையிலும் தண்ணீர். பயணிகளை அப்படியே விட்டுவிட்டு வர முடியுமா? மறுநாள் காலையில் தண்ணீர் கொஞ்சம் இறங்கிய பிறகு நடந்தே வந்தார். அவள் என் போர்வையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் இருந்தாள். இவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பஸ் பத்திரமா?" என்று கேட்டாள்.

"பத்திரம்" என்றார்.

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். அவள் அக்கறையாகக் கேட்டாளா, குத்திக் கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபடவில்லை. "அண்ணி, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க, அவ எப்படிக் கேட்டா?" என்று என்னையே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்.

மகன் வந்து அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனான். வண்டியில் ஏறும்போது அவள் புருஷனைப் பார்த்து, "தண்ணி வராத வீடா இருந்தா வரேங்க" என்றாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அழவும் இல்லை. உப்பு தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வாங்க என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"நீங்களும் அங்கேயே போய் இருக்க வேண்டியதுதானே?" என்று கேட்காத ஆளில்லை. போனார். இரண்டு அறை வீடு, பேரப்பிள்ளைகளின் படிப்பு, மருமகளின் வேலை, இவருக்குப் படுக்கை டி.வி.க்குக் கீழே. ஆனால் அதற்காக அவர் திரும்பி வரவில்லை. எனக்கு மட்டும் காரணத்தைச் சொன்னார்.

"நானும் அங்க போயிட்டா இந்த வீடு பூட்டுப் போட்டுக் கெடக்கும் அண்ணி. பூட்டின வீட்டுக்கு அவ எப்படி வருவா? ஒருத்தர் இருந்தாத்தானே இன்னொருத்தர் வர முடியும்?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இன்றும் படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளைப் பார்க்கப் போவார். முந்தின நாளே சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிடுவார், பெண் பார்க்கப் போகிற பையன் மாதிரி. பஸ்ஸில் போனால் சும்மா உட்கார மாட்டார். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "கிளச்ச விடுங்க தம்பி, அது என்ன பாவம் பண்ணுச்சு" என்று உயிரை எடுப்பார். அந்தத் தடத்தில் ஓட்டுகிற பாதிப் பேர் இவரைத் தூரத்தில் பார்த்தாலே நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்துவார்கள்.

சாயங்காலம் அவள் பஸ் நிறுத்தம்வரை கூடவே வருவாளாம். இதை மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு பஸ் வரும். "இது கூட்டமா இருக்கு, அடுத்ததுல போங்க" என்பாள். அடுத்தது வரும். "இது பழைய வண்டி, வழியிலேயே நிக்கும்" என்பார் இவர். இப்படியே பஸ் பஸ்ஸாக விட்டுக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்களாம். "பாக்கவே பாவமா இருக்கு பெரியம்மா. ஆனா ரெண்டு பேர்ல ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கறாங்க" என்று அந்தப் பெண் என்னிடம் வருத்தப்பட்டாள்.

அவர் வாயைத் திறக்கவில்லை, கரண்டியைக் கையில் எடுத்தார். கொத்தனார் கரண்டி. ஓய்வு பெற்ற கையோடு வாசற்படியில் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் வைத்துக் கட்டி, சிமெண்டு பூசி, தண்ணீர் கசியாத சாயம் வேறு அடித்தார். அந்த வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் படகில் ஏறுகிற மாதிரி ஒரு காலைத் தூக்கி உள்ளே போட்டு, அடுத்த காலை இழுத்துக்கொள்ள வேண்டும். என் முட்டிக்கு அது ஆகுமா? நான் வாசலில் நின்றே திட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த மழைக்கு என்ன ஆனது தெரியுமா? தெருத் தண்ணீர் அந்தக் குட்டிச்சுவரைத் தாண்டவே இல்லை. டிரைவர் உள்ளே நின்று மீசையை முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பின்னால் திரும்பிப் பார்த்தால் குளியலறைத் துவாரம் பொங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லை, அதுதான் வாசலில் அழகாகச் சுவர் கட்டியாயிற்றே. மழை விட்டுத் தெருவெல்லாம் வடிந்து, வெயிலடித்து, பிள்ளைகள் விளையாட வந்துவிட்டார்கள். டிரைவர் வீட்டில் மட்டும் தொட்டி மாதிரி நிற்கிறது. வாளி வாளியாக மொண்டு தெருவில் ஊற்றுகிறார்.

"டிரைவரே, நீச்சல் குளத்துக்கு டிக்கெட் எவ்வளவு?" என்று மெக்கானிக் கேட்டார்.

"வாய்யா, உன்ன முதல்ல முக்கி எடுக்கறேன்" என்று வாளியோடு துரத்தினார்.

இந்தக் கதையை நான்தான் போனில் ஓரகத்தியிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டாள். பிறகு பார்த்தால் சிரிக்கிறாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். உடனே போய் அவரிடம் சொன்னேன். இடுப்புவரை சேறோடு நின்ற மனிதர், "சிரிச்சாளா? நிஜமா சிரிச்சாளா? எப்படிச் சிரிச்சா?" என்று கேட்டுவிட்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் சாக்கடையைப் பார்க்க ஆரம்பித்தார். தெரு ஓரத்து மழைநீர் வடிகால் எங்கே போகிறது என்று ஒரு நீளக் கம்பியை வைத்துக் குத்திக்கொண்டே போனார். அது எங்கே போகும்? எல்லோரும் வண்டி ஏற்றுவதற்காக வாசலில் சிமெண்டுச் சரிவு போட்டு வடிகாலை மூடி வைத்திருந்தோம். அடியில் மண்ணும் பாட்டிலும் அடைத்துக் கல்லாகிக் கிடந்தது. நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து ஓர் இன்ஜினியர் பெண்ணை அழைத்து வந்தார். சின்ன வயசு, ரப்பர் பூட்ஸ், கெட்டிக்காரி. வந்த அன்றே மூடியைத் திறந்து உள்ளே இறங்கிவிட்டாள்.

"சார், வடிகாலுக்குச் சரிவு சரியாத்தான் இருக்கு. இந்தச் சிமெண்டையெல்லாம் எடுத்துட்டு, மேல கழட்டி மாட்டுற மாதிரி பலகை போடணும். ஆனா அது மட்டும் பத்தாது. கால்வாயில சேர்ற வாயில ஒரு கம்பி வலை இருக்கு பாருங்க, மழையில அதுதான் அடைச்சுக்கும். அடைக்க அடைக்க யாராவது வாரிக்கிட்டே இருந்தா தெருவுல தண்ணி நிக்காது. எங்க ஆளுங்க எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்துல வர முடியாது. தெருக்காரங்க ரெண்டு பேர் பொறுப்பெடுத்துக்கிட்டா வார்றதுக்கு நான் வாரி தரேன்."

வாரி என்றால் நீளக் கைப்பிடி போட்ட இரும்புச் சீப்பு மாதிரி ஒன்று. டிரைவர் ஒன்றை வாங்கிக்கொண்டார், மெக்கானிக் ஒன்றை. டிரைவர் தன் வாசல் சரிவைத்தான் முதலில் உடைத்தார். பிறகு ஒவ்வொரு வீடாக வந்தார். என் வாசலைத் தொடக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் கையால் பூசிய சிமெண்டு. நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து உடைத்துவிட்டார். இரண்டு வாரம் டீ கிடையாது. தெரு நன்மைக்குத்தான் செய்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கேட்டுவிட்டு உடைத்திருக்க வேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

அந்த வருட மழையில் இரண்டு பேரும் மாறி மாறி வலையில் நின்று வாரினார்கள். தெருவில் பெரும்பாலான வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. டிரைவர் வீட்டில் குளியலறை வழியாகக் கணுக்கால் அளவுக்கு வந்தது. ரோட்டுக்குக் கீழே இருக்கிற வீடு, வராமல் என்ன செய்யும்? அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் வீட்டில் அவள் கேட்டிருக்கிறாள்: "இந்தத் தடவை?"

"கொஞ்சம்" என்றாராம்.

"கொஞ்சமா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பேரனின் சட்டைக்குப் பட்டன் தைத்தாளாம்.

அன்று வந்ததும் வராததுமாக என்னிடம், "அண்ணி, வீட்டத் தூக்கப் போறேன்" என்றார்.

"எங்க தூக்கிக்கிட்டுப் போகப் போற?"

"மேல."

எனக்குப் புரியவில்லை. வீட்டைத் தூக்குவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஜாக்கி மேஸ்திரி என்று ஒருவர் வந்தார். குள்ளமாக, கழுத்தில் விசிலோடு. சுவரை எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்தார், மருத்துவர் முதுகைத் தட்டுகிற மாதிரி. "நல்ல வீடு. வீட்டம்மா பக்கத்துல நின்னு பார்த்துக் கட்டினாங்களா?" என்றார். "ஆமா" என்று டிரைவர் சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது.

சாமான்களையெல்லாம் என் வீட்டில் கொண்டு வந்து அடுக்கிவிட்டு அவரும் என் வீட்டிலேயே தங்கினார். ஆட்கள் சுவரைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, அஸ்திவாரத்துக்கு மேலே சுவரைத் துண்டு துண்டாகக் குடைந்து, அடியில் இரும்புச் சட்டம் கொடுத்து, சட்டத்துக்குக் கீழே வரிசையாக ஜாக்கி நிறுத்தினார்கள். லாரி டயர் மாற்ற வைப்பார்களே, அந்த மாதிரிதான், கொஞ்சம் பெரியது. வீடு முழுக்கப் பல் முளைத்த மாதிரி ஜாக்கிகள். சுவரில் அங்கங்கே கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பிக் கட்டியிருந்தார் மேஸ்திரி. எல்லாக் குழாயிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் வீடு சாயாமல் ஏறுகிறது என்று அர்த்தம். "இவ்வளவு நாள் இந்தத் தண்ணி கெடுத்துச்சுல்ல, கொஞ்சம் உழைக்கட்டும்" என்று டிரைவர் அந்தக் குழாய்களைப் பார்த்துச் சொன்னார்.

மேஸ்திரி விசில் ஊதுவார். எல்லா ஆட்களும் ஒரே நேரத்தில் ஜாக்கியைக் கால் சுற்றுச் சுற்றுவார்கள். நிறுத்துவார்கள். மறுபடி விசில். நாள் முழுக்க இதுதான். நான் நாற்காலி போட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

"எங்க ஏறுது? ஏமாத்துறீங்களா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கே தெரியக் கூடாதும்மா. தெரிஞ்சுட்டா பயந்து விரிசல் விட்டுரும்" என்றார் மேஸ்திரி.

ஆனால் சாயங்காலம் பார்த்தபோது சுவருக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவில் என் கை நுழைந்தது. நாள் போகப் போக எதிர்ப்பக்கம் நிற்கிறவர்களின் கால்கள் தெரிந்தன. பூனை ஒன்று வீட்டுக்கு அடியில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போனது. இன்ஜினியர் பெண்ணும் வந்து பார்த்தாள். குளியலறைக் குழாயில், வெளியே போகும் தண்ணீர் போகட்டும், திரும்பி வந்தால் தானே மூடிக்கொள்ளட்டும் என்று ஒரு மூடி வைக்கச் சொன்னாள். டிரைவர் இரண்டாக வைத்தார். பிறகு இடைவெளியில் புதுச் சுவர் கட்டி, மண் நிரப்பி, புதுத் தரை போட்டு, ரோட்டிலிருந்து படி கட்டி முடித்தார்கள். கையில் இருந்த அத்தனையும் அதில் போய்விட்டது.

அவள் வந்தாள். ஒரு பையோடு மகனின் வண்டியிலிருந்து இறங்கி, படி ஏறுவதற்கு முன்னால் வீட்டை அண்ணாந்து பார்த்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினாள். எல்லா அறைக்கும் போனாள். ஜன்னலைத் திறந்தாள்.

"எதிர் வீட்டு மாடித் துணிக்கொடி தெரியுது" என்றாள்.

"முன்னாடி அவங்க வாசற்படிதான் தெரியும்" என்றார்.

"ம். மொத்தமாத் தூக்கிட்டீங்க."

அந்தச் சில வாரங்களில் டிரைவர் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தினமும் சவரம். காலையில் பால் வாங்கப் போனால் வழியில் எல்லோரையும் நிறுத்தி, "வீட்ல கேட்டாங்க, வீட்ல சொன்னாங்க" என்று பேச்சில் நாலு தடவை அவளைக் கொண்டு வந்துவிடுவார். அவளும் அலமாரி தப்பான இடத்தில் இருக்கிறது, தரை வழுக்குகிறது என்று ஓயாமல் குறை சொன்னாள். அவர் அதையெல்லாம் பரிசு வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டார். என் டீயை வந்து குறை சொல்லக்கூட அவருக்கு நேரமில்லை.

மழைக்காலம் ஆரம்பித்தது. முதல் தூறல்களுக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் காலையிலிருந்தே வானம் கிழிந்து கொட்டியது. தண்ணீர் சேர்வதற்கு முன்பே நான் குடையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டேன். அவளைத் தனியாக விட மனசில்லை. தனியாக இல்லைதான். அவர் அவளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மழை அன்று வாரியோடு வலைக்குப் போவது மெக்கானிக்கின் பொறுப்பு என்று இரண்டு பேரும் முன்னாலேயே பேசி வைத்திருந்தார்களாம். "இந்த வருஷம் முழுக்க நீ பாத்துக்கப்பா, எனக்கு வீட்ல வேலை இருக்கு" என்று சொல்லியிருந்தாராம்.

தெருவில் தண்ணீர் ஓடியது. படியில் பாதிகூட ஏறவில்லை. அவள் அடிக்கடி எழுந்து குளியலறையைப் பார்த்துவிட்டு வந்தாள். காய்ந்து கிடந்தது. மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம். எதிர் வீட்டுக் கம்பவுண்டரின் மனைவி, முழங்கால்வரை நனைந்து நின்றாள். கம்பவுண்டர் படுத்த படுக்கையாக இருக்கிறவர். அவர்கள் வீடு இன்னும் பள்ளத்தில்தான்.

"டிரைவரே, தண்ணி எங்க வாசலுக்கு வந்துருச்சு. வலை அடைச்சுக்கிச்சு போல. மெக்கானிக் பொண்டாட்டிக்கு வலி எடுத்து ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில இருக்காங்களாம். அவர எப்படி நான் ஒருத்தியா தூக்குவேன்?"

டிரைவர் எழுந்திருக்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எப்படிச் சொல்ல.

"போங்க" என்றாள் அவள். "படுத்த படுக்கையா கெடக்கற மனுஷன். போங்க, என்ன பாக்கறீங்க?"

"நீ..."

"அக்கா இருக்காங்க. போங்க."

போனார். கம்பவுண்டரை முதுகில் சுமந்து மேட்டில் இருக்கும் அவர் உறவுக்காரர் வீட்டில் சேர்த்துவிட்டு, வாரியை எடுத்துக்கொண்டு கால்வாய்ப் பக்கம் இறங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு மழையில் மறைந்துவிட்டார். நான் திரும்பியபோது ஓரகத்தி நாற்காலியில் இல்லை. சமையலறைக்குப் போனால், மேடைமேல் ஏறி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.

"இறங்குடி. தரை எப்படிக் காஞ்சு கெடக்கு பாரு."

"தெரியுதுக்கா."

"அப்புறம் என்ன?"

"தெரியுதுக்கா. இறங்கத்தான் முடியல."

அதட்டினேன், கெஞ்சினேன், டீ போட்டுக் கொடுத்தேன். மேடையிலேயே குடித்தாள். கம்பியை விடாமல் குடித்ததில் டீ முட்டியில் கொட்டியது. அந்த வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அன்று அவள் நனைந்தது அந்த டீயில் மட்டும்தான்.

வெளிச்சம் குறைவதற்கு முன்பே தெருத் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது. டிரைவர் உடம்பெல்லாம் சேறாக, முகமெல்லாம் சிரிப்பாகப் படியேறி வந்தார். "அடியில பெரிய மெத்தை ஒண்ணு வந்து..." என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் வந்தவர் அவளை அங்கே பார்த்தார். பக்கத்தில் போய் மேடையில் சாய்ந்து நின்றார். அவள் மேலிருந்தபடியே துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள். ரொம்ப நேரம் துவட்டினாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

மறுநாள் நன்றாக வெயிலடித்தது. அவள் பையை எடுத்து வைத்துவிட்டாள்.

"வீட்டுல ஒரு குறையும் இல்லங்க. அவ்வளவு அருமையாத் தூக்கி வச்சிருக்கீங்க" என்றாள்.

"இனிமே நான் போகல. வேற ஆளப் பாத்துக்கட்டும் தெரு. மழை வந்தா உன் பக்கத்துலயேதான் இருப்பேன்."

"போகாம இருந்தா அந்தக் கம்பவுண்டரு முழுகிருவாரு. அத நீங்களும் நானும் ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்கணுமா? உங்களால முடியுமா?"

அவரால் முடியாது. அவளாலும் முடியாது. மகன் வந்து, "அம்மாவ ஒரு டாக்டர்கிட்டக் காட்டலாம் பெரியம்மா" என்றான். காட்டினார்கள், மாத்திரை கொடுத்தார்கள், தூக்கம் நன்றாக வருகிறதாம். அதுவும் நல்லதுதான். ஆனால் இரண்டு பேர் மேலும் தப்பில்லை என்று நான் அன்றே சொன்னேன், இன்றும் சொல்கிறேன். யார் வேண்டுமானாலும் வந்து என்னோடு வாதாடட்டும்.

இப்போது அவள் வெயில் காலத்தில் இங்கே, மழைக் காலத்தில் மகன் வீட்டில். வானம் மூடினால் மற்றவர்கள் மாடித் துணியை எடுப்பார்கள். டிரைவர் அவள் பையை எடுத்து வைப்பார்.

போன மழையில் நான் அவர்கள் மகன் வீட்டில் இருந்தேன். கண்ணில் பிரச்சினை, அந்தப் பக்கத்து மருத்துவமனையில் காட்ட வந்திருந்தேன். காலையிலிருந்து மழை. ஓரகத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து போனை மடியில் வைத்திருந்தாள். அதில் மழைச் சத்தம் கேட்டது. வெளியே பெய்கிற மழைதான் என்று முதலில் நினைத்தேன். பிறகு இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம் வந்தது, கூடவே டிரைவர் யாரையோ திட்டுகிற குரல். ஒரு பிளாஸ்டிக் பையைத்தான் திட்டிக்கொண்டிருந்தார், தாய் தகப்பன்வரை போய். வலைக்கு இறங்கும்போது போனை உறையில் கட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாராம். கரை ஏறும்வரை லைனை வெட்ட மாட்டார்களாம்.

"லைன்ல இருக்கியா?" என்று நடுவில் கேட்டார்.

"இருக்கேன். கால் வழுக்கும், பாத்து."

"அண்ணி அங்கதானே இருக்காங்க? இப்பவாவது நல்ல டீ குடிக்கறாங்களான்னு கேளு."

நான் கேட்டது கேட்காதது மாதிரி இருந்துவிட்டேன். அவள் சிரித்தாள். பிறகு மழைதான் பேசியது, அங்கேயும் இங்கேயும்.

மழை விட்டது. "முடிஞ்சுது, வீட்டுக்குப் போறேன்" என்றார். அவள் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. தண்ணீரில் அவர் நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு படி ஏறுகிற சத்தம். கதவு திறந்தது. டக்கென்று ஒரு சுவிட்ச்.

"இது முன் ரூம்" என்றாள் அவள், தனக்குத்தானே.

இன்னொரு டக். "இது சமையல் ரூம்."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் போனை எடுத்துக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள்.